திறமூலத் திட்டத்தின் ஆவணங்களைப் பலர் சேர்ந்து எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தத் திட்டம்? இந்தப் பக்கம் யாருக்கு?

மீன் ஏலக் கணக்கை எழுதிவைக்கும் ஒரு கட்டற்ற, திறமூல (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய) மென்பொருளைப் புதுச்சேரியிலும் கடலூரிலும் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கி வருகிறோம். எந்தப் படகின் மீன் என்ன விலைக்குப் போனது, கழிவு எவ்வளவு, எந்த வியாபாரி எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். கடலூர் முதுநகர், தேங்காய்த்திட்டு போன்ற இடங்களில் கணக்கு எழுதுபவர்களை மனதில் வைத்துச் செய்தது.

மென்பொருளோடு அதன் ஆவணங்களும் வளர வேண்டும். அவற்றை எழுத, திருத்த, மொழிபெயர்க்க வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள்தான் இவை. உங்கள் திட்டம் வேறாக இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?

நிறைய செய்யலாம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2017இல் நடத்திய திறமூலக் கணக்கெடுப்பில், அரைகுறையான அல்லது காலாவதியான ஆவணத்தால் அவதிப்பட்டதாகச் சொன்னவர்கள் 93 சதவீதம். அதே கணக்கெடுப்பில், ஆவணத்துக்குத் தாங்கள் அரிதாகவே பங்களிப்பதாக அல்லது பங்களிப்பதே இல்லை என்று ஒப்புக்கொண்ட பங்களிப்பாளர்கள் 60 சதவீதம். எல்லோருக்கும் வலிக்கிறது, ஆனால் யாரும் கை வைப்பதில்லை என்பதுதான் நிலைமை.

நிரல் எழுதியவருக்கு அது ஏற்கெனவே தெரியும். எந்த இடத்தில் புதியவர் தடுமாறுவார் என்பது அவர் கண்ணில் படாது. படித்துப் பார்த்து, பாதியில் நின்றுபோன ஒருவருக்குத்தான் அது தெரியும். ஆகவே இந்தத் திட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: எந்த வரியில் நின்றீர்களோ அந்த வரியைக் குறிப்பிட்டு, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று இரண்டு வாக்கியத்தில் ஓர் இஷ்யூ (திட்டத்தின் தளத்தில் பதியும் சிக்கல் குறிப்பு) திறந்தால், அதுவே முழுப் பங்களிப்பு. பங்களிப்பாளர் பட்டியலில் உங்கள் பெயர் சேரும். தீர்வை நீங்களே எழுதித் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இன்னொரு விஷயம். ஏலக்கூடத்தில் கணக்கு எழுதும் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நம் கையேட்டைப் படித்து வேலை செய்வதைப் பேசாமல் பார்த்துக் குறிப்பெடுக்கத் தெரிந்தவர்கள் எங்களுக்கு நிரலாளர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறார்கள். பேசாமல் இருப்பதுதான் கடினம். அவர் தவறான பொத்தானை அழுத்தப் போகும்போது நம் வாய் தானாகத் திறக்கும். அடக்கிக்கொண்டால் அந்தக் குறிப்பு பத்து மின்னஞ்சலுக்குச் சமம்.

விக்கி ஒன்று வைத்துவிட்டால் போதாதா? கிட் எல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. கிட் என்பது கோப்புகளில் யார் எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கருவி. விக்கியில் உடனே திருத்தலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், கணக்கு திறந்த அடுத்த நிமிடமே பங்களிக்கலாம். ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆவணங்கள் ஒரு விக்கியில்தான் இருக்கின்றன. ஆர்ச் பயன்படுத்தாதவர்கள்கூட அங்கே போய்ப் படிக்கும் அளவுக்கு அது நன்றாக இருக்கிறது. விக்கியால் முடியாது என்று யாராவது சொன்னால் அந்த உதாரணத்தைக் காட்டுங்கள்.

ஆனால் ஆர்ச் லினக்ஸ் எப்போதும் ஒரே பதிப்பாக ஓடிக்கொண்டே இருப்பது. எங்கள் நிலைமை அப்படி இல்லை. ஓரிடத்தில் பழைய பதிப்பு ஓடும், இன்னோரிடத்தில் புதிய பதிப்பு. விக்கியில் புதிய பதிப்புக்காகப் பக்கத்தைத் திருத்தினால், பழைய பதிப்பு வைத்திருப்பவருக்கு அந்தப் பக்கம் பொய்யாகிவிடும். இரண்டையும் ஒரே பக்கத்தில் ‘உங்களிடம் பழைய பதிப்பு இருந்தால்’ என்று எழுதிக்கொண்டே போனால் யாருக்கும் புரியாது.

நிரலும் ஆவணமும் ஒரே ரெப்போவில் (கிட் பராமரிக்கும் கோப்புக் களஞ்சியத்தில்) இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு பதிப்புக்குக் குறி போடும்போது அந்தப் பதிப்பின் ஆவணமும் அதோடு சேர்ந்து நின்றுவிடும். அதைவிட முக்கியமான பலன், ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கையில்) நிரல் மாற்றத்தையும் ஆவண மாற்றத்தையும் சேர்த்துக் கேட்க முடிவது. விக்கி தனியாக இருக்கும்போது ‘அப்புறம் எழுதிக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போவது, இங்கே கண்ணெதிரே தெரியும். நாங்கள் கிட்டைத் தேர்ந்தெடுத்தது முக்கியமாக இந்தக் காரணத்துக்காகத்தான்.

பதிப்போடு சம்பந்தமில்லாதவை விக்கியிலேயே இருக்கின்றன: கூட்டக் குறிப்புகள், எந்த ஊரில் யார் பயிற்சி தருகிறார்கள் என்ற பட்டியல், யோசனைகள்.

கிட் பழகாதவர்கள் எப்படி எழுதுவது?

கிட்ஹப், கிட்லாப் இரண்டிலும் உலாவியிலேயே பக்கத்தைத் திறந்து திருத்தி அனுப்ப முடியும். கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். ஒவ்வொரு ஆவணப் பக்கத்தின் மேலேயும் ‘இந்தப் பக்கத்தைத் திருத்து’ என்ற இணைப்பு இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் கூகுள் டாக்ஸில் எழுதி அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் குரல்பதிவாகக்கூட அனுப்புங்கள். மார்க்டவுனாக (எளிய குறிகள் போட்ட உரை வடிவமாக) மாற்றி, உங்கள் பெயரிலேயே கமிட் செய்ய, அதாவது கிட்டில் பதிவு செய்ய, ஆள் இருக்கிறது.

ஆனால் இறுதி வடிவம் ரெப்போவில்தான். வாட்ஸ்அப்பில் சொன்ன பதில் இரண்டு நாளில் மேலே போய்விடும், அடுத்த மாதம் அதே கேள்வி வரும். ஒரு கேள்விக்கு இரண்டாவது முறை பதில் எழுத நேர்ந்தால், அதை ஆவணத்தில் சேர்த்துவிட்டு இணைப்பை மட்டும் கொடுங்கள்.

எந்தப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

டேனியலே புரோசிடா வகுத்த டயாடாக்ஸிஸ் முறையைப் பின்பற்றுகிறோம். அது ஆவணத்தை நான்காகப் பிரிக்கிறது. புதிதாக வந்தவர் கைபிடித்துக் கற்பதற்கான பாடம், ஒரு குறிப்பிட்ட வேலையை முடிப்பதற்கான வழிமுறை, தேடி எடுத்துப் பார்ப்பதற்கான குறிப்பேடு, ஏன் இப்படி என்று புரியவைக்கும் விளக்கம்.

எங்கள் உதாரணத்தில் சொன்னால்: ‘முதல் ஏலத்தைப் பதிவு செய்யுங்கள்’ என்பது பாடம். ‘தவறாகப் போட்ட விலையைத் திருத்துவது’ வழிமுறை. அமைப்புகளின் முழுப் பட்டியல் குறிப்பேடு. ‘பதிவான ஏலத்தை ஏன் அழிக்க முடியாது, எதிர்ப்பதிவுதான் (பழையதை ரத்து செய்யும் புதிய பதிவு) போட முடியும்’ என்பது விளக்கம். கணக்கில் ஒருமுறை எழுதியது மறையக் கூடாது என்ற கொள்கையை அங்கே விரிவாக எழுதலாம். அதையே கொண்டுபோய் வழிமுறைப் பக்கத்தில் நான்கு பத்தியாக எழுதினால், காலை ஏல நேரத்தில் வியாபாரி எதிரே நிற்கும்போது அதைத் திறந்தவர் என்ன செய்வார்? புல் ரிக்வெஸ்ட்டுகளில் நாங்கள் அதிகம் திருப்பி அனுப்புவது இந்தக் கலப்புக்காகத்தான். எழுத்து நன்றாகவே இருக்கும், இடம்தான் வேறு.

ஆவணம் பழசாகிப் போவதை எப்படித் தடுக்கிறீர்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஆவணம் இல்லாததைவிடத் தவறான ஆவணம் மோசம். இல்லாவிட்டால் யாரையாவது கேட்பார்கள். தவறாக இருந்தால் நம்பிச் செய்துவிடுவார்கள். பணக் கணக்கில் அது சின்ன விஷயம் இல்லை.

நல்ல மனம் இருந்தால் போதும், ஞாபகம் வரும்போது புதுப்பிப்பார்கள் என்று நம்பியிருக்கும் திட்டங்களில் ஆவணம் கண்டிப்பாகப் பழசாகும். நிரல் மாறும் அந்த நேரத்தில் கேட்டால்தான் நடக்கும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதியவருக்கே பாதி மறந்திருக்கும். அதனால் எங்கள் புல் ரிக்வெஸ்ட் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த மாற்றத்தால் பயனர் பார்ப்பது எதுவும் மாறுகிறதா? ஆம் என்றால் ஆவண மாற்றமும் அதே ரிக்வெஸ்ட்டில் இருக்க வேண்டும். எழுத வராது என்றால் குறிப்பாக நான்கு வரி போதும், ஆவணக் குழுவில் ஒருவர் அதே பிராஞ்சில் (அந்த மாற்றத்துக்கான தனிக் கிளையில்) சேர்ந்து எழுதுவார். இரண்டும் சேர்ந்துதான் மெர்ஜ் ஆகும், அதாவது முதன்மைக் கிளையில் சேரும். விதி கடுமையாகத் தெரியும், ஆனால் இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்தது பொறுப்பாளர். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருவர் பெயர் இருக்கும். அந்தப் பக்கத்தைத் தொடும் எந்த மாற்றமும் அவருக்குத் தானாகத் தகவல் போகும்படி கோட்ஓனர்ஸ் கோப்பில் எழுதி வைத்திருக்கிறோம். பொறுப்பாளர் என்றால் உரிமையாளர் அல்ல. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அவர் பார்த்துச் சரி சொல்வார். நேரம் இல்லாதபோது பெயரை எடுத்துவிடச் சொல்வதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். பெயர் மட்டும் இருந்து ஆள் இல்லாத பக்கம்தான் ஆபத்து.

இயந்திரம் செய்யக்கூடியதை இயந்திரத்திடம் விட்டுவிடுங்கள். உடைந்த இணைப்புகளை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தானியங்கிச் சோதனை கண்டுபிடிக்கும். ஆவணத்தில் இருக்கும் பைத்தான் நிரல் எடுத்துக்காட்டுகளை டாக்டெஸ்ட் என்ற கருவி உண்மையாகவே ஓட்டிப் பார்த்து, எழுதியிருக்கும் விடை வருகிறதா என்று சொல்லும்.

திரைப்பிடிப்புப் படங்களை முடிந்தவரை குறையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பழசாவது அவைதான். ஒரு பொத்தானின் பெயர் மாறினால் எழுத்தைத் தேடி மாற்றிவிடலாம், படத்துக்குள் இருப்பதைத் தேட முடியாது.

அப்புறம் ஆண்டுக்கொரு முறை முழு வாசிப்பு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகுகள் கரையில் நிற்கும், ஏலம் குறையும், கணக்கு எழுதுபவர்களுக்கும் கொஞ்சம் மூச்சு விடும் நேரம் கிடைக்கும். அந்த நாட்களில் அவர்களோடு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறோம். யாரும் படிக்காத, யாருக்கும் தேவையில்லாத பக்கங்களை அப்போதே நீக்கிவிடுகிறோம். பழையது கிட்டில் இருக்கும், பயப்படாமல் நீக்கலாம்.

இரண்டு பேர் ஒரே பத்தியைத் திருத்தினால் மோதல் வருகிறதே?

கிட் மாற்றங்களை வரி வரியாக ஒப்பிடுகிறது. ஒரு பத்தி முழுவதும் ஒரே நீள வரியாக இருந்தால், ஒருவர் முதல் வாக்கியத்தையும் இன்னொருவர் கடைசி வாக்கியத்தையும் தொட்டாலும் மோதல்தான். ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிய வரியில் தொடங்குங்கள். மார்க்டவுன் அவற்றை ஒரே பத்தியாகத்தான் காட்டும், படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. புதிய யோசனை இல்லை இது. யுனிக்ஸ் இயங்குதளத்தின் தொடக்கநிலையாளர்களுக்கான அறிமுகத்தில் கணினி அறிஞர் பிரையன் கெர்னிகன் 1974இலேயே சொன்னது. மறுபார்வை செய்பவருக்கும் எந்த வாக்கியம் மாறியது என்பது பளிச்சென்று தெரியும்.

மறுபார்வை எப்படி நடக்கும்? என் எழுத்தை வெட்டிவிடுவார்களா?

இரண்டு பேர் பார்ப்பார்கள். ஒருவர் நிரல் தெரிந்தவர். சொல்லியிருப்பது உண்மையா என்று மட்டும் பார்ப்பார். இன்னொருவர் அந்தப் பகுதி தெரியாதவர். படித்தால் புரிகிறதா என்று பார்ப்பார். நிரலாளர் நடையைத் திருத்த ஆரம்பித்தால் முடிவே இருக்காது, அதனால்தான் இந்தப் பிரிவு.

ஒவ்வொரு கருத்தின் முன்னாலும் ‘கட்டாயம்’ அல்லது ‘விருப்பம்’ என்று எழுதுவது வழக்கம். தகவல் பிழை, பயனருக்கு நஷ்டம் உண்டாக்கக்கூடிய வழிமுறை, இவை கட்டாயம். ‘நான் என்றால் இப்படி எழுதியிருப்பேன்’ என்பதெல்லாம் விருப்பம். நீங்கள் ஏற்காமலே விடலாம். எழுத்துப்பிழைத் திருத்தம் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், உடனே மெர்ஜ் செய்யப்படும்.

முதல் முறை அனுப்புபவருக்கு நாற்பது கருத்து எழுதி மிரட்ட வேண்டாம் என்று மறுபார்வையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். முக்கியமான இரண்டைச் சொல்லுங்கள், மெர்ஜ் செய்யுங்கள், மீதியை நீங்களே அடுத்த கமிட்டில் திருத்துங்கள். முதல் ரிக்வெஸ்ட் மெர்ஜ் ஆனவர் திரும்ப வருவார்.

தமிழில் எழுதும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

சில விஷயங்கள் உண்டு, ஆங்கிலக் கையேடுகள் எதுவும் இவற்றைச் சொல்லாது.

யூனிகோடில் ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒற்றைக் குறியாக ஒகரம், அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் ஒரு விதத்தில் தேடினால் மற்றது கிடைக்காது, கிட் கருவியும் அதை மாற்றம் என்று காட்டும். கோப்புகளை என்எஃப்சி என்ற இயல்பாக்க வடிவத்துக்கு (எழுத்துகளை ஒரே விதமாகச் சேமிக்கும் வடிவம்) மாற்றும் சிறு நிரல் எங்கள் ரெப்போவில் கமிட்டுக்கு முன் தானாக ஓடுகிறது. ஆனால் ஔகாரத்தில் ஒரு சிக்கல் அதற்கும் பிடிபடாது. ‘கௌ’ என்று எழுத வேண்டிய இடத்தில் கொம்பு போட்டு ‘ள’ என்ற எழுத்தை அடித்து ‘கெள’ என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். இதை ஆள்தான் பார்க்க வேண்டும்.

கோப்புப் பெயர் தமிழில் இருந்தால், கிட் அதைப் பின்சாய்கோடும் எண்ணுமாகக் காட்டும். கிட் அமைப்பில் க்வோட்பாத் (core.quotepath) என்பதை ஃபால்ஸ் (false) ஆக்கினால் தமிழ் எழுத்தாகவே தெரியும். இருந்தாலும் கோப்புப் பெயரை ஆங்கில எழுத்திலேயே வைக்கச் சொல்கிறோம், முகவரியைப் பகிரும்போது சிதையாமல் இருக்கும்.

மார்க்டவுனிலிருந்து ஆவணத் தளம் உருவாக்கும் எம்கேடாக்ஸ் கருவியைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: அதன் இயல்பான அமைப்பு தலைப்பிலிருந்து நங்கூர முகவரி (பக்கத்தில் அந்தத் தலைப்புக்கே நேராகப் போகும் முகவரி) உருவாக்கும்போது தமிழ் எழுத்துகளைக் கழித்துவிட்டு, அடிக்கோடும் ஓர் எண்ணும் மட்டும் வைக்கும். நடுவில் ஒரு தலைப்பைச் சேர்த்தால் எண்கள் எல்லாம் நகரும், வெளியே பகிர்ந்த இணைப்புகள் வேறிடத்துக்குப் போகும். யூனிகோடை ஏற்கும் முறைக்கு மாற்றுங்கள், அல்லது தலைப்புக்கு நீங்களே ஒரு பெயர் கொடுங்கள்.

பிடிஎஃப் எடுக்க ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியைப் பயன்படுத்தினால் சீலேடெக் என்ற அச்சுக்கோர்ப்பு இயந்திரமும் நோட்டோ போன்ற யூனிகோடு எழுத்துருவும் வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு உங்களிடம் இருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

மூல ஆவணம் எந்த மொழியில்? மொழிபெயர்ப்பை எப்படிக் கையாள்கிறீர்கள்?

பயனர் கையேட்டின் மூலம் தமிழ். நிரலாளர் ஆவணத்தின் மூலம் ஆங்கிலம். படிப்பவர் மொழியில் முதலில் எழுதினால்தான் இயல்பாக வருகிறது.

மொழிபெயர்ப்பு எங்களுக்கு ஒப்புக்குச் செய்யும் வேலை அல்ல. புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்றால் புதுச்சேரி, காரைக்கால் மட்டும் இல்லை. மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. நான்கும் ஒரே நிர்வாகம், எல்லாமே நீரோடு சேர்ந்த ஊர்கள். அங்கே பயன்படுத்துபவர்களுக்கும் அவர்கள் மொழியில் கையேடு வேண்டும்.

இதற்கு கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறை. ஸ்பிங்க்ஸ் ஒவ்வொரு பத்தியையும் தனித்தனிச் சரமாகப் பிரித்து வார்ப்புருக் கோப்புகளாகத் தரும், அவற்றிலிருந்து ஒவ்வொரு மொழிக்கும் பிஓ கோப்புகளை உருவாக்கலாம். அவற்றை வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் ஏற்றினால் உலாவியிலேயே மொழிபெயர்க்கலாம். இதில் பெரிய வசதி, மூலப் பத்தி மாறினால் அதன் மொழிபெயர்ப்பில் ‘ஃபஸ்ஸி’ என்ற குறி விழுந்துவிடும். எந்தப் பத்தியை மட்டும் திரும்பப் பார்க்க வேண்டும் என்று தெரியும். அதுவரை அந்தப் பத்தி மூல மொழியிலேயே தோன்றும். புரியாத மொழியில் சரியான தகவல் இருந்தால் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்வார். புரிந்த மொழியில் தவறான தகவல் இருந்தால் கேட்கவே மாட்டார். அதனால் இந்த நடத்தையை மாற்ற வேண்டாம்.

ஆவணத்துக்கு என்ன உரிமம்? நிரலின் உரிமமே போதாதா?

நிரலுக்கு ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் பதிப்பு 3. ஆவணத்துக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 (எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் பகிரலாம்). குனு திட்டம் ஆவணங்களுக்கென்றே 2000இல் ஜிஎஃப்டிஎல் என்ற உரிமத்தை வெளியிட்டது. அதில் ‘மாற்றக் கூடாத பகுதிகள்’ வைக்க இடம் உண்டு. அப்படிப்பட்ட பகுதிகள் உள்ள ஆவணம் கட்டற்றது ஆகாது என்று டெபியன் என்ற லினக்ஸ் திட்டம் 2006இல் வாக்கெடுத்து முடிவு செய்தது. விக்கிப்பீடியாவும் 2009இல் கிரியேட்டிவ் காமன்ஸுக்கு வந்தது. நாங்கள் அதே பக்கம். பிஒய்-எஸ்ஏ 4.0இல் இருப்பதை ஜிபிஎல் 3 நிரலுக்குள் எடுத்துச் செல்லலாம் என்று 2015இல் அறிவிக்கப்பட்டதும் எங்களுக்கு வசதி. உதவித் திரையில் ஆவண வரிகளை அப்படியே சேர்க்கிறோம்.

பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். கமிட்டில் ‘சைன்ட்-ஆஃப்’ வரி மட்டும் வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 2004இல் தொடங்கிய வழக்கம் அது. இந்த எழுத்தைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்ற உறுதிமொழி. வேறு தளத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியதை நாங்கள் ஏற்பதில்லை, எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும்.

இணையம் இல்லாத இடத்தில் ஆவணம் எப்படிக் கிடைக்கும்?

2011 டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததும், 2024 நவம்பர் 30இல் ‘ஃபெஞ்சல்’ புதுச்சேரி அருகே கடந்ததும் இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மின்சாரத்தையும் இணையத்தையும் நம்பி இருக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு வெளியீட்டிலும் முழுக் கையேடும் மென்பொருளுக்குள்ளேயே வருகிறது. காப்புநகலிலிருந்து கணக்கை மீட்கும் பக்கத்தைத் தாளில் அச்சிட்டுக் கணினி பக்கத்தில் ஒட்டச் சொல்கிறோம். கணினியே ஓடாதபோது தேவைப்படும் பக்கம் அது ஒன்றுதான்.

கல்லூரி மாணவர்கள் கூட்டமாகச் சேரலாமா?

தாராளமாக. ஒரு வேண்டுகோள் மட்டும். 2020 அக்டோபரில், திறமூலத் திட்டங்களுக்குப் பங்களித்தவர்களுக்குச் சட்டை பரிசளித்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் சமயத்தில், அந்தச் சட்டைக்காக ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பிய ரிக்வெஸ்ட்டுகள் உலகம் முழுக்கப் பராமரிப்பாளர்களைத் திணறடித்தன. விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று அந்நிகழ்வின் விதியையே மாற்ற வேண்டி வந்தது. எண்ணிக்கைக்காக அனுப்ப வேண்டாம்.

அதற்குப் பதிலாக: நான்கு பேர் சேர்ந்து, எதுவும் நிறுவாத ஒரு கணினியை எடுங்கள். நிறுவல் பக்கத்தைத் திறந்து, அதில் எழுதியிருப்பதை மட்டும், ஒரு வரிகூடச் சொந்த அறிவைச் சேர்க்காமல் செய்யுங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே இஷ்யூ. அதைத் தீர்த்தால் ரிக்வெஸ்ட். ஒரு மதியத்துக்கு நிறையவே வேலை இருக்கும்.

இப்போது எந்தப் பக்கங்களுக்கு ஆள் வேண்டும்?

வியாபாரி பாக்கியை வசூல் பதிவோடு பொருத்தும் வழிமுறைக்குப் பொறுப்பாளர் இல்லை. காப்புநகல் மீட்புப் பக்கத்தின் தெலுங்கு, மலையாள மொழிபெயர்ப்புகள் இன்னும் தொடங்கவில்லை. அமைப்புகளின் குறிப்பேட்டில் பாதி வரிகளுக்கு எடுத்துக்காட்டு இல்லை. இவற்றில் எதையாவது எடுக்க விரும்பினால் அந்தப் பக்கத்தின் இஷ்யூவில் ‘நான் பார்க்கிறேன்’ என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு வாரத்தில் நகரவில்லை என்றால் ஒரு முறை கேட்போம், அப்புறம் அடுத்தவருக்குத் திறந்துவிடுவோம். திரும்ப வந்து எடுத்துக்கொள்ளத் தடையில்லை.